நாலு மணிக்குப் பிள்ளை எங்கே போகும்? சேலத்துக்கு வேலைக்கு வரும் தனித் தாய், தந்தையரின் கேள்விகள்

கும்பகோணத்திலிருந்து சேலம் வந்து ஏழு வருடம் ஆகிறது. தனியார் ஆய்வகம் ஒன்றில் ரத்தப் பரிசோதனை வேலை. வந்தபோது மகன் இரண்டாம் வகுப்பு, இப்போது ஒன்பதாம் வகுப்பு. கூட வேலை பார்ப்பவர்கள் "எங்க அண்ணிக்கு சேலத்துக்கு டிரான்ஸ்ஃபர், ஒண்டியா ரெண்டு பிள்ளைங்களோட வர்றாங்க, கொஞ்சம் பேசுங்களேன்" என்று ஃபோனை என் கையில் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறேன். அதனால் எழுதிவைத்துவிட்டேன்.

வேலை நல்ல வேலை. ஆனால் சேலத்தில் ஒருவரையும் தெரியாது. வரலாமா?

வரலாம். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், நீங்கள் ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவீர்கள். இடையில் பிள்ளை எங்கே இருக்கும்? சொந்த ஊரில் அந்த மூன்று மணி நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பாட்டி இருப்பார், சித்தி இருப்பார், யாருமில்லை என்றால் எதிர்வீட்டில் டிவி ஓடும். புது ஊரில் அந்த மூன்று மணி நேரம்தான் மலை மாதிரி நிற்கும். நான் சம்பளத்தைப் பார்த்தேன், வாடகையைப் பார்த்தேன், இதை மட்டும் பார்க்காமல் வந்தேன். கீழே இருக்கும் பதில்களில் பாதி அந்தத் தவறில் கற்றவை.

முடிந்தால் முதலில் நீங்கள் மட்டும் இரண்டு நாள் வந்து பாருங்கள், அதுவும் வேலை நாளில். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் எல்லாத் தெருவும் அமைதியாகத்தான் தெரியும்.

எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

புரோக்கர்கள் உங்கள் வேலை எங்கே என்று கேட்டு அதை ஒட்டியே வீடு காட்டுவார்கள். ரயில்வே கோட்ட அலுவலகம் என்றால் சூரமங்கலம், ஐ.டி. பூங்கா என்றால் ஜாகீர் அம்மாபாளையம், பெரியார் பல்கலைக்கழகமோ அரசு பொறியியல் கல்லூரியோ என்றால் கருப்பூர். நான் சொல்வது நேர்மாறு. பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள், வேலைக்கு நீங்கள் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். சேலம் சென்னை மாதிரி இல்லை. ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவது முடிகிற காரியம்தான். 2020-இல் ஐந்து ரோட்டின் ஈரடுக்கு மேம்பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கம் இன்னும் சுலபம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை என்பதால் கைக்காசும் மிச்சம்.

அடுத்தது தெரு. நான் முதலில் அழகாபுரம் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருந்தேன். நல்ல வீடு, நல்ல தண்ணீர், காற்றோட்டம் எல்லாம் உண்டு. ஆனால் பகலில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். எதிர் ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் அவர்கள் காலி செய்யும்போது. ஃபேர்லேண்ட்ஸ், நரசோதிப்பட்டி, ரெட்டியூர் பக்கமும் கிட்டத்தட்ட இதே கதைதான். கணவனும் மனைவியுமாகக் காரில் போய் வருகிறவர்களுக்கு அது சௌகரியம்.

பிறகு பொன்னம்மாபேட்டையில் வரிசைவீடு ஒன்றுக்கு மாறினேன். அம்மாபேட்டை, குகை, செவ்வாய்பேட்டை, பொன்னம்மாபேட்டை எல்லாம் பழைய சேலம். சில தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தறி ஓடும், செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகள் இருக்கும். சத்தம் உண்டு, வண்டி நிறுத்த இடம் கிடையாது, உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது தெரு முழுக்கத் தெரியும். ஆனால் நாலு மணிக்குத் திண்ணையில் ஆள் இருப்பார்கள். வேலையே வீட்டில் நடக்கிறது என்பதால் பகலில் தெருவே விழித்திருக்கும். பிள்ளையோடு தனியாக வருகிறவருக்கு டைல்ஸ் தரையைவிட இது முக்கியம் என்பது என் கட்சி.

"வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாமா?

நான் சொன்னேன். அழகாபுரம் வீட்டில் "அவர் துபாய்ல இருக்கார்" என்றேன். அதற்கு முன் இரண்டு வீடு கைவிட்டுப் போயிருந்தது. ஒரு வீட்டில் அட்வான்ஸ் வரை பேசிவிட்டு, "ஃபேமிலிக்குத்தாங்க குடுக்கறோம்" என்றார்கள். நானும் என் பிள்ளையும் என்ன என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மூன்றாவது வீட்டில் துபாய் வந்துவிட்டது.

பொய்யை ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிட முடியாது. தினமும் அதற்குத் தீனி போட வேண்டும். தீபாவளிக்கு ஏன் வரவில்லை, எந்தக் கம்பெனி, ஏன் ஃபோன் பேசவே காணோம். நான் சமாளித்தேன். பிள்ளையால் முடியவில்லை. வீட்டுக்காரம்மா ஒருநாள் அவனிடம் "அப்பா என்ன வாங்கிட்டு வருவாரு?" என்று கேட்டிருக்கிறார். அவன் பேசாமல் நின்றிருக்கிறான். அன்று ராத்திரி, "அம்மா, நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டான். ஏழு வயது. வேறு வீடு தேட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

பொன்னம்மாபேட்டையில் கேட்டபோது, "நாங்க பிரிஞ்சுட்டோம். நானும் பையனும்தான் இருப்போம். இதுதான் என் ஆபீஸ் அடையாள அட்டை, எங்க அண்ணன் நம்பர் இது, வேணும்னா பேசிக்கங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வாடகை அஞ்சாந்தேதிக்குள்ள வந்துரணுங்க" என்றார். அவ்வளவுதான்.

எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள், மறுக்கிறவர்கள் மறுப்பார்கள். ஆனால் உண்மையைக் கேட்டுவிட்டுக் கொடுத்த வீட்டில் இருப்பது வேறு நிம்மதி. ஒன்று மட்டும்: உண்மையைச் சொல்வது என்றால் முழுக் கதையையும் சொல்வது என்று அர்த்தமில்லை. எதனால் பிரிந்தோம் என்பது யாருக்கும் தேவையில்லாத சங்கதி.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று அது சொல்கிறது. "வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற அந்த நாலு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. கூடுதலாகக் கேட்டு நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது ஒப்பந்தம்தான். பேசிக் குறையுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும் என்பதும் அதே சட்டம். முகவரிச் சான்றுக்கு அந்தத் தாள் பிறகு நிறைய உதவும், சோம்பல்படாதீர்கள். பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் வரும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வருடத்தின் நடுவில் பள்ளியில் சேர்க்க முடியுமா?

அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் முடியும். எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு இது கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தரும் உரிமை. பழைய பள்ளி டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும், அது தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. தனியார் பள்ளி என்றால் இடம் இருப்பதைப் பொறுத்தது.

தாளில் டி.சி. வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எமிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் புதுப் பள்ளியால் பதிவில் ஏற்ற முடியாது. எனக்கு இதில் மூன்று வாரம் போனது. டி.சி. வாங்கும் அன்றே, "எமிஸ்ல ரிலீஸ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை என்றால், தேர்வு முடியும் வரை வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசுத் தொடக்கப் பள்ளியையும் ஒரு பார்வை பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை காலைச் சிற்றுண்டி 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கியது, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலையில் ஒற்றை ஆளாக இட்லியும் ஊற்றி, தலையும் பின்னி, பஸ்ஸையும் பிடிக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பள்ளியில் அப்பா கையெழுத்து கேட்பார்களா?

சில இடங்களில் பழக்கதோஷத்தில் கேட்பார்கள். படிவத்தில் அப்பா பெயரை எழுதுவது வேறு, அவர் நேரில் வந்து கையெழுத்துப் போடுவது வேறு. பிறப்புச் சான்றில் உள்ள பெயரை எழுதிவிட்டு, பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டு நீங்களே கையெழுத்திடுங்கள். கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, பிரிந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகல், இரண்டில் எதுவானாலும் நாலு நகல் கையில் இருக்கட்டும். திருமணமாகாத தாய், தந்தை பெயரைச் சொல்லாமலே பாதுகாவலர் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளைக்குப் பான் அட்டையில் தந்தை பெயர் கட்டாயமில்லை என்பது 2018 டிசம்பர் முதல் விதி.

கையெழுத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிள்ளையை யார் யார் வந்து அழைத்துப் போகலாம் என்று பெயரும் ஃபோட்டோவும் வைத்துத் தலைமை ஆசிரியரிடம் கடிதமாகக் கொடுத்துவிடுங்கள்.

சரி, அந்த நாலு மணிக்கு என்னதான் வழி?

மூன்று வயதுக்குக் கீழ் என்றால் ப்ளே ஸ்கூலோடு சேர்ந்த டே கேர். சேர்க்கும் முன் கட்டணத்தைவிட மூடும் நேரத்தைக் கேளுங்கள். ஆறரை என்று சொல்லி ஆறு மணிக்கே வாசலைப் பெருக்க ஆரம்பிக்கும் இடங்களும் உண்டு. உள்ளூர் விடுமுறைக்குத் திறந்திருப்பார்களா என்றும் கேளுங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே ஒரு புதன்கிழமை விடுமுறை விடுவார்கள், உங்கள் கம்பெனி விடாமலும் இருக்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பது 2017 திருத்தத்திலிருந்து சட்டம். இல்லை என்று கை விரித்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே சில இடங்களில் ஏதாவது ஏற்பாடு நடக்கும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால், வெளிப்படையாகச் சொல்கிறேன், நம் ஊரில் பெரிய குழந்தைக் காப்பகம் டியூஷன்தான். படிப்பில் கெட்டியான பிள்ளையையும் டியூஷனுக்கு அனுப்புகிறோம் என்றால் பாதிப்பேர் இதற்காகத்தான். வீட்டில் நடத்தும் டீச்சராகப் பாருங்கள். ஐந்து மணிக்கு வகுப்பு என்றாலும், "நாலரைக்கே வந்து உட்காரட்டும்" என்று சொல்லும் டீச்சர் கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது வழி பக்கத்து வீடு. எங்களுக்கு ஓர் ஆயா கிடைத்தார், சேலத்தில் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வார்கள். அவர் மகன் தறி ஓட்டுவார், இவர் திண்ணையில் உட்கார்ந்து ராட்டையில் தறிக்கு நூல் சுற்றுவார். என் மகன் பள்ளிப் பையை அங்கேயே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். நான் ஃபோன் பண்ணினால், "எங்கியும் போவல கண்ணு, இங்கதான் கெடக்கறான்" என்று பதில் வரும். 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள், ஆய்வகத்துக்கு மட்டும் விடுப்பே கிடையாது. மூன்று மணி நேரம் பத்து மணி நேரமாகிவிட்டது. ஊரே ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்த நாளில், ரத்த மாதிரிகளோடு புழங்கிவிட்டு வருகிறவளின் பிள்ளையை அந்த ஆயா திண்ணையை விட்டு எழுப்பவில்லை.

இப்படி உதவுகிறவர்களுக்குக் காசு கொடுங்கள். "அட, என்னங்க இது" என்பார்கள். தீபாவளிக்கு ஒரு புடவையோடு முடித்துக்கொள்வது நியாயமில்லை, தினம் மூன்று மணி நேரம் என்பது வேலை. ஆயா பணம் வாங்கவே இல்லை, அதனால் அவர் வீட்டுப் பால் கணக்கை மாதாமாதம் நான் கட்டினேன். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

பிள்ளையிடமும் பேச வேண்டும். யார் வந்து கூப்பிட்டாலும் போகக் கூடாது, வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று ஃபோனில் சொல்லக் கூடாது. பெரியவர்கள் யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டால், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ மனப்பாடமாக்கிவிடுங்கள். நம்பிக்கையான வீடு என்றாலும் வாரத்தில் ஒருநாள் சொல்லாமல் சீக்கிரம் போய்ப் பாருங்கள்.

ஷிப்ட் வேலை. மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

சேரும்போதே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் சாக்கு மாதிரி கேட்கும். நான் பகல் ஷிப்ட் மட்டும் வேண்டும் என்று கேட்டு, பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன் என்றேன். ஞாயிறுக்கு யாரும் முன்வர மாட்டார்கள், அதனால் பேரம் படிந்தது.

மத்திய அரசு ஊழியர்கள், குறிப்பாக ரயில்வேயில் மாற்றலாகி வருகிறவர்கள், குழந்தைப் பராமரிப்பு விடுப்பை மறந்துவிடாதீர்கள். பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள், முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்ததற்கு 80 சதவீதம். தனித்து வளர்க்கும் பெண் ஊழியர் வருடத்துக்கு ஆறு தவணை வரை எடுக்கலாம், மற்றவர்களுக்கு மூன்று.

நான் ஆண். மனைவி இறந்துவிட்டார், மகளோடு வருகிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். மேலே சொன்ன 730 நாள் விடுப்பு, தனித்து வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் 2018 டிசம்பரிலிருந்து உண்டு. வீடு கேட்கும்போது பேச்சிலர் என்று நினைத்து மறுப்பார்கள், மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் உதவி கேட்கக் கூச்சமாக இருக்கும் என்று ஒரு ரயில்வே ஊழியர் என்னிடம் சொன்னார். அவர் அக்காவை ஒரு மாதம் வரவழைத்தார். பழகியதெல்லாம் அக்காதான். அக்கா ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் நின்றது. மகள் பெரியவளாகும் வயதில் இருந்தால், விஷயத்தைப் பேச ஒரு பெண் துணையை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவையுங்கள்.

விவாகரத்து வழக்கு நடக்கிறது. பிள்ளையை வேறு ஊருக்குக் கூட்டிவரலாமா?

வக்கீலைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். சனிக்கிழமைகளில் அப்பா பார்க்கலாம் என்று பழைய ஊர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தால், நீங்கள் சேலம் வந்துவிட்டதால் அது ரத்தாகிவிடாது. மாற்றம் கேட்டு மனுப் போட்டுவிட்டு வருவதுதான் பாதுகாப்பு, இல்லாவிட்டால் ஒளித்துக்கொண்டு போய்விட்டார் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைக்கும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

ஏற்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. கீழே சேலத்தில் வீடெடுத்துக்கொண்டு தினமும் போய்வரலாமா?

தனி ஆள் என்றால் போய்வரலாம். பிள்ளையோடு என்றால் வேண்டாம். சுமார் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மே மாதக் கோடை விழா நாட்களில் பாதையே மாறும், ஏறுவது ஒரு வழி, இறங்குவது குப்பனூர் வழி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படி ஒரு நாளில் நீங்கள் மேலேயும் பிள்ளை கீழேயும் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? பிள்ளையை மேலேயே படிக்கவையுங்கள். பள்ளிகளுக்குப் பெயர்போன மலைதான் அது, மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இலிருந்து இருக்கிறது. கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் அரசுப் பள்ளியும் இருக்கிறது. ஸ்வெட்டரும் குடையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்?

வந்த முதல் வாரத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, தெருவுக்குப் பக்கத்துக் குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டிப் பழகிக்கொள்ளுங்கள். நம்பகமான ஆட்டோக்காரர் ஒருவரின் நம்பரும் ஆம்புலன்சுக்கான 108-உம் கையில் இருக்கட்டும். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். கூடவே, உங்களுக்கே காய்ச்சல் வந்தால் பிள்ளைக்குச் சோறு போட யார் என்பதையும் யோசித்துவையுங்கள். அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

தண்ணீர், வெயில்?

குடிக்கக் காவிரித் தண்ணீர், ஆனால் தினமும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. தண்ணீர் விடும் நேரத்தில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள் என்பதால் தொட்டி உள்ள வீடாகப் பாருங்கள். வெயில் சித்திரையில் வாட்டும். பதிலுக்கு மாம்பழம் கிடைக்கும்.

பிள்ளைக்கு ஊர் பிடிக்காமல் போனால்?

முதல் மூன்று மாதம் பிடிக்காது. வெள்ளிக்கிழமை ஆனால் ஊருக்குப் போகலாம் என்று அழுவான். நான் வாராவாரம் கூட்டிக்கொண்டு போனேன், அது தப்பு. இரண்டு பக்கமும் ஒட்டாமல் போய்விட்டான். அப்புறம் மாதம் ஒருமுறை என்று குறைத்து, மற்ற ஞாயிறுகளில் வேலை முடிந்து மாலையில் இங்கேயே சுற்ற ஆரம்பித்தோம். கன்னங்குறிச்சி மூக்கனேரி ஏரி, குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, ஆடியில் குகை மாரியம்மன் வண்டி வேடிக்கை. கேரட்டும் பீட்ரூட்டும் துருவிப் போட்ட தட்டுவடை செட்டுக்கு அவன் அடிமையானது அந்த நாட்களில்தான்.

ஆனாலும் அவன் சேலத்துக்காரன் ஆகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். பத்தாவது முடிந்ததும் மாமா வீட்டிலிருந்து கும்பகோணத்தில் படிக்கிறேன் என்கிறான். இதை வீட்டில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.